சிவப்பு நூல் கட்டிய கத்தரிக்காய்

ஆரணியில் எங்கள் தெரு முனையில் குப்பை மேடாகக் கிடந்த நிலத்தைத் தோட்டமாக்கி, பல வருடமாகக் காத்து வருபவர் சரோஜா அக்கா. எங்கள் தோட்டக் குழுவின் சம்பளமில்லாத தலைவி. அவருக்குப் பாராட்டு விழா என்றதும், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் முந்திக்கொண்டேன்.

"பட்டு நெய்யுற ஊர்ல பொன்னாடை எல்லாரும்தான் போடுவாங்க. நான் காய்கறி மாலை கட்டிகினு வரேன்!"

விழாவன்று காலை, தோட்டத்தில் கத்தரிக்காய்கள் தகதகவென மஞ்சளாகத் தொங்கின. ஒவ்வொரு காம்பிலும் சிவப்புப் பட்டு நூல். தறியில் மிஞ்சிய நூலை அழகுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒன்று விடாமல் பறித்துக் கோத்தேன்.

மேடையில் குழுவினர் அந்த மாலையைப் போட்டதும் கைதட்டல் பாதியில் நின்றது. அக்கா குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ, விதைக்கு வுட்ட காயெல்லாம் என் கழுத்துல கீது! யாருங்க கட்டினது?"

பறிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த நூலாம். மெல்லக் கையைத் தூக்கினேன்.

"நான்தான்க்கா..."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லாப் பழுத்துதான் கீது. விதை தேறும்." மாலையை அவிழ்த்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காய் கொடுத்தார். "எல்லார் மாடியிலயும் காய்க்கட்டும்!" எனக்கு மட்டும் இரண்டு.

அன்று அவர் திட்டியிருந்தால் நான் தோட்டத்துப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

நேற்று என் மாடியில் முதல் காய் திரண்டு தொங்கியது. குழம்புக்குப் பறிக்கக் கத்தியோடு வந்த என் கணவர், காம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.