அடைக்கோழிக்குக் கிடைத்த நியாயம்

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு விளக்கேற்றும்போது, எனக்குத் தீங்கு செய்தவர்கள் எல்லாரையும் மன்னித்துவிடப்பா என்று வாய்விட்டே கேட்டுக்கொள்வேன். அத்தை முகம் நினைவுக்கு வந்தால் மட்டும் பாதியில் நிறுத்திவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் செய்யாத குற்றத்துக்கு வாங்கிய அடி ஆறுமா? அந்தச் சாமிக்குத் தெரியும், முட்டைகளைக் கொண்டுபோய் வைத்ததோடு என் வேலை முடிந்தது.

அப்போது நாங்கள் கண்டிக்கு வெளியே, பேராதனைப் பாதைக்கு மேலே ஒரு சரிவில் குடியிருந்தோம். அப்பா கண்டிக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். அம்மா கொல்லையில் நாலைந்து கோழியும் ஒரு சேவலும் வளர்த்தார்.

அக்கா பெரிய மனுஷியானது ஒரு மழைக்காலத்தில். எனக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளை நேராக விறகுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், பழைய சேலையைத் திரையாகக் கட்டி உள்ளே உட்காரவைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கும்வரை அவள் வெளியே வரக்கூடாது. மற்றவர்கள் உள்ளே போகக்கூடாது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, மறுநாளே கெலிஓயாவிலிருந்து வந்து இறங்கினார். அதன்பின் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

தினம் காலையில் அக்காவுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கவேண்டும், இடுப்புக்குப் பலம் என்றார். முட்டை புதிதாக இருக்கவேண்டும். அம்மா ஒவ்வொன்றையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்ப்பார். அடியில் படுத்துக்கொண்டால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. அப்படித் தேறிய முட்டையையும் எண்ணெய்க் குவளையையும் திரைக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி வருவது என் வேலை. அக்கா கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்வாள்.

முட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அத்தை அவளுடைய படிப்பிலும் கைவைத்தார்.

“எழுத்துக் கூட்டத் தெரியுது, போதும். வயசுக்கு வந்தவள பஸ்ல அனுப்புவியா தம்பி?”

அப்பா தேநீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். அக்கா கணக்கில் வகுப்பிலேயே முதல். “தண்ணி ஊத்துன மறுநாளே போறேம்மா, சொல்லுங்கம்மா” என்று திரைக்குள்ளிருந்து அவள் கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

இந்த நேரம் பார்த்துச் செவலைக்கோழி அடைக்கு வந்துவிட்டது. மற்றக் கோழிகள் முட்டையிடும் பெட்டியில் இறகை விரித்துப் படுத்துக்கொண்டு, கிட்டப் போனவரைக் கொத்தியது.

“இது இப்பிடிக் கெடந்தா மத்தது எங்க போயி முட்ட போடும்?” என்று அத்தை அதைப் பிடித்துப் பீலிக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து விழும் அந்தத் தண்ணீரில் கைவைத்தாலே விரல் மரத்துப்போகும். அதில் அதை முக்கி முக்கி எடுத்து, காலில் கயிறு கட்டிக் கொட்டிலோரக் கொய்யாமரத்தில் கட்டிப்போட்டார். உடம்புச் சூடு தணிந்தால் அடை மறந்துபோகுமாம். மறுநாள் கயிறுதான் கிடந்தது, கோழியைக் காணோம். கீரி இழுத்துப்போயிருக்கும் என்றார் அம்மா. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சில நாள் கழித்து, கொட்டில் பக்கம் துணி காயப்போட்ட அத்தைக்குக் கோழி கொக்கரிப்பது கேட்டது. நுனிவிரலால் சேலையை விலக்கினார். அக்காவின் பாய்க்குப் பக்கத்தில், சாக்கு விரித்த கூடையில் செவலை மகாராணி மாதிரி வீற்றிருந்தது. அடியில் முட்டைகள். அக்கா குடிக்கவென்று நான் வைத்துவிட்டு வந்த முட்டைகள்.

அத்தை பாய்ந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே காலை வைத்தால் தீட்டு, அந்தக் குளிரில் தலைமுழுகவேண்டும். கோழியும் முட்டையும்கூட இப்போது தீட்டுத்தான். அக்காவை எட்டமுடியாத கை, பக்கத்தில் நின்ற என் கன்னத்தில் இறங்கியது.

“கொமருப்புள்ளைக்குக் குடுத்த முட்டையக் கோழிக்கு வச்சியாடி, கள்ளி!”

“நான் வைக்கல அத்த! தெரைக்கு வெளியதான் வச்சேன்!”

அக்கா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“அந்தக் கோழி உக்காரணும்னு கெடக்குது, அத எந்திரின்னு வெரட்டுறீங்க. அக்கா பள்ளிக்கூடம் போகணும்னு அழுவுது, அவள உக்காருன்னு அடைக்கிறீங்க. யாரு என்னா கேட்டாலும் ஒங்களுக்குப் புடிக்காதா அத்த?”

மற்றக் கன்னத்திலும் விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார். என்னைத் தேற்றுவார் என்று பார்த்தால், திரையோரம் போய் நின்று, “ஒரு முட்டைய எடுத்து அந்த வெளிச்சத்துல புடி” என்றார் அக்காவிடம். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாகக் கம்பி போல வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா முட்டையை அதில் பிடித்தாள்.

“நூல் நூலா செவப்பாத் தெரியுதும்மா. நடுவுல என்னமோ அசையுது.”

“வச்சிரு. மெதுவா.” அம்மா அத்தை பக்கம் திரும்பினார். அவரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத அம்மா, அன்றும் உயர்த்தவில்லை. “உசுரு வந்துருச்சு மதினி. இனி எடுத்தா சாமி கேக்கும்.”

சாமி என்றதும் அத்தை அடங்கிவிட்டார். கோழிக்கு நியாயம் கிடைத்தது. எனக்கு? கேட்பாரில்லை.

பொழுது சாய்ந்ததும் திரைக்கு வெளியே நின்று சண்டை பிடித்தேன். “நான் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்னாக்கா?”

“ரொம்ப வலிச்சிச்சாடி?” என்றாள். “அதுக்காவது நெனச்சது நடக்கட்டும்டி.”

கூடப்பிறந்தவளைவிடக் கோழி பெரிதாகப் போய்விட்டதா! அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டியபோதும் பேசவில்லை. சில முட்டை கூமுட்டையாகி, மற்றவை குஞ்சு பொரித்தபோதும் வீம்பாகத் தள்ளி நின்றுதான் பார்த்தேன்.

ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, அக்கா முற்றத்தில் குஞ்சுகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்த் தன் கொம்பாஸ் பெட்டியை எடுத்து வந்து என் பைக்குள் வைத்தாள். கவராயம், பாகைமானி, பாதி தேய்ந்த பென்சில் எல்லாம் அப்படியே இருந்தன. எத்தனை முறை கெஞ்சியும் தொடவிடாத பெட்டி.

நான் மனசுக்குள் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். வாங்கிய இரண்டு அடிக்கும் அக்கா அபராதம் கட்டிவிட்டாள் என்று அவளை அன்றே மன்னித்தேன். பஸ் வரும்வரை, எனக்குக் கிடைத்த நியாயத்தைக் குலுக்கிக் குலுக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.