வெயிலடித்தும் கப்பல் ஓடாத மூன்று நாள்

தொலைபேசிக்குள் முதலில் ஓர் இரும்புச் சத்தம் கேட்கும், தண்டவாளத்தை யாரோ தரையில் இழுத்துப் போடுவதுபோல. பிறகு லாரிகள் உறுமும், அதற்கும் பிறகுதான் அப்பாவின் குரல் வரும். கப்பலின் பின்பக்கக் கதவைக் கரையில் அப்படியே சாய்த்து, அதன்மேலேயே வண்டிகளையும் மனிதர்களையும் இறங்கவிடுவார்களாம். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா ஏதோ ஒரு தீவில் இறங்குகிறார் என்று அர்த்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் நானும் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருந்தோம். அப்பா கிரீஸ் நாட்டில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கோடைக்காலத்தில் அந்தத் தீவுகளின் ஓட்டல்கள் நிரம்பி வழியும். ஒரு தீவில் குளிர்பெட்டி நின்றுபோனால் இன்னொரு தீவிலிருந்து கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலேறிப் போவதுதான் அவருடைய பிழைப்பு.

சிதம்பரத்தில் சித்தப்பா வீட்டில் இருந்த தாத்தா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எங்கள் வாயில் நுழையாத தீவுப் பெயர்களையெல்லாம் அவர் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று கூவிய அதே தொனியில் சிரோஸ், பாரோஸ், நக்சோஸ், அமோர்கோஸ் என்று கூவுவார். "டவுன் பஸ்சுதாம்மா அது. தண்ணியில ஓடுது, அவ்ளோதான்" என்பது அவருடைய தீர்ப்பு. அம்மாவின் போனில் கப்பல்கள் போகும் வழியைக் காட்டும் "ஆப்" ஒன்று இருந்தது; நீலப் பரப்பில் ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன அம்புக்குறி. அப்பா ஏறும் கப்பலின் பெயரை எழுத்துக்கூட்டித் தட்டிவிட்டு நான் காத்திருப்பேன். சாயங்காலம் தாத்தா போன் செய்து "இப்ப எந்த ஸ்டாப்பிங்கு?" என்பார். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் கடலூரைக் காட்டச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிற நான், பாரோசுக்கும் நக்சோசுக்கும் நடுவில் அப்பா இருக்கும் இடத்தைப் பிசகாமல் சொல்லுவேன்.

ஓர் ஆடி மாதக் காலையில் தாத்தா காபி கேட்டார். காபி ஆற்றி வருவதற்குள் போய்விட்டார். அம்மாவும் நானும் உடனே பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். அப்பாதான் மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். "அண்ணன் வராம எடுக்கமாட்டேன், எத்தினி நாள் ஆனாலும் சரி" என்று சித்தப்பா அழுதுகொண்டே சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி வந்து கூடத்தில் உட்கார்ந்தது. அப்பா அன்றைக்கு அமோர்கோஸில் இருந்தார். அங்கே விமானம் இறங்க இடம் கிடையாது. மத்தியானக் கப்பலைப் பிடித்துவிட்டால் இரவு தலைநகருக்குப் போய், விடியலில் விமானமேறி, அடுத்த நாளுக்குள் எப்படியும் சிதம்பரம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். "காத்து ஜாஸ்தியா இருக்குதுன்னு கப்பல உடமாட்டேன்றாங்கம்மா. நிக்குறதுதான் நிக்குது, என்னைக்கின்னு சொல்லமாட்டேன்றாங்க" என்றார். சித்தப்பா போனை வாங்கி, முகத்தைக் காட்ட வேண்டாம், வானத்தைக் காட்டு என்றார். அப்பா காட்டினார். துளி மேகமில்லை. வெள்ளைச் சுவர், பளீரென்று வெயில், துவைத்துப் போட்டாற்போல நீல வானம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புயல் என்றால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வரவேண்டும். வானம் மையாகக் கறுக்கவேண்டும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றவேண்டும். தேவனாம்பட்டினத்துப் படகுகளையெல்லாம் மேட்டில் இழுத்துப் போடவேண்டும். "ஆடி மாசத்துல ஏது புயலு? வடாம் காய வக்கிற வெயிலு அடிக்குது, கப்பலு ஓடலையாம்" என்று சித்தப்பா கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மூன்று தலைகள் ஆமென்று ஆடின. பேச்சு காதில் விழவேண்டுமே என்று அப்பா காற்றுப்படாத சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தார் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் டெய்லி பாக்குறியே, காட்டு" என்றார். காட்டினேன். அப்பாவின் கப்பல் துறையிலேயே நின்றது. ஆனால் அதற்குக் கொஞ்சம் தள்ளி, நடுக்கடலில், இன்னோர் அம்புக்குறி தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. "இது மட்டும் எப்டிப் போவுது?" என்றார். அது சரக்குக் கப்பலாக இருந்திருக்கும். ஆட்களை ஏற்றும் கப்பல்களுக்குத்தான் தடை. ஒன்பது வயதில் எனக்கு அது எங்கே தெரியும்? பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றதே சாட்சியாகிவிட்டது.

அன்று பிற்பகலில் ஐஸ் பெட்டி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. வாடகைக்கு விட்டவன் வேறு பெட்டி இல்லை என்று கைவிரித்துவிட்டான். அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். போனைப் பெட்டியின் அடியில் பிடிக்கச் சொன்னார் அப்பா. நான் தரையில் படுத்துப் பிடித்தேன். சுவிட்சைப் போடவும் அது ஒருமுறை உறுமி அடங்கியதைக் கேட்டுவிட்டு, "பின்னால கம்பி வல மாதிரி இருக்கும், தூசி அடச்சிருக்கும். பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சிட்டு டேபிள் ஃபேன அது பக்கம் திருப்பி வைங்க. அர மணி கழிச்சி சுவிட்சு போடுங்க" என்றார். அப்படியே செய்தோம், ஓடியது. தன் தகப்பனின் உடம்பு கெடாமல் இருக்க, காற்றடிக்கும் ஒரு தீவில் நின்றுகொண்டு அந்த மனிதர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். "பெட்டிய ரிப்பேர் பண்ணத் தெரியுது, வரத் தெரியல" என்றார் சித்தப்பா.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அப்பா அதைக் கேட்டிருக்கவேண்டும். பிறகு, "நீயாவது அப்பாவ நம்புறியாம்மா?" என்றார். திரையில் அவர் தலைக்குமேல் அந்தப் பாழாய்ப்போன நீலவானம். ஆமாம்ப்பா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "வெயிலடிக்குதேப்பா" என்றேன் நான்.

மூன்றாம் நாள் மத்தியானம், பொறுத்தது போதும் என்று எடுத்துவிட்டார்கள். சித்தப்பா கொள்ளி வைத்தார். மறுநாள் காலை அம்புக்குறி நகர்ந்தது. யாரும் கேட்காமலே நான் அதை நக்சோஸ், பாரோஸ் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. வந்த கையோடு மொட்டையடித்துக்கொண்டு, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவருக்கு முகம்கொடுக்கவே இல்லை. அன்றைக்கு நின்ற பேச்சு பன்னிரண்டு வருஷமாக நின்றே இருக்கிறது.

அப்பா அந்த நாட்டை விட்டுவிட்டு வந்து, இப்போது கடலூரிலேயே ஏ.சி. சர்வீஸ் செய்கிறார். தாத்தா இருந்த வீட்டை விற்றுவிட்டுச் சித்தப்பா சிதம்பரத்திலேயே வேறு தெருவுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. தீவுப் பெயர்களை வரிசையாகச் சொல்ல எங்கள் குடும்பத்தில் இனி ஆளில்லை, எனக்கே நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது. போன மாதம் இணையத்தில் ஒரு படம் பார்த்தேன். அதே துறை, அதே மேகமில்லாத வானம். ஒரு கிழவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், நாற்காலிகள் பறந்து கடலில் விழுகின்றன. ஒவ்வொரு கோடையிலும் அங்கே வெட்டவெளி வெயிலில் அப்படித்தான் நாள்கணக்காகக் காற்றடிக்குமாம். அன்றைக்கே பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை முழுக்கப் பார்த்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும்மா" என்றார். "அண்ணன் பொய் சொல்லாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். யாரு மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சி. காத்து மேல கோவப்பட முடியுமா? இத்தினி வருஷம் கழிச்சி இப்ப என்னான்னு போய் பேசறது, சொல்லு."

திரும்பி வரும் பஸ்ஸில், இதை அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார், தம்பி தன்னை நம்பித்தான் இருந்திருக்கிறான் என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் மற்றது உறைத்தது. சித்தப்பா நம்பியிருந்தார். அம்மாவுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அப்படியென்றால் அந்த வீட்டில் அப்பாவை உண்மையிலேயே நம்பாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

ஒரு மாதம் ஆகிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.