வில்லாபுரத்து மாடி

அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வில்லாபுரம் போகத் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு விளாங்குடியில். ஊரின் அந்தக் கோடியில் என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் டயர் கடை வைத்திருந்ததால் அது நம்பக்கூடியதாகத்தான் இருந்தது, ஸ்கூட்டர் டிக்கியில் மடித்து வைத்த பெட்ஷீட்டை அம்மா பார்க்கும் வரை. பார்ட்டியைப் பார்க்கப் போகிறவருக்குப் பெட்ஷீட் எதற்கு?

அம்மா அதைக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியன்று, "இவளையும் கூட்டிட்டுப் போங்க, வீட்ல இருந்தா போனையே நோண்டுறா" என்றாள். தலை பின்னும் சாக்கில் என் காதருகே, "யாரு யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு வா" என்றாள்.

வில்லாபுரத்தில் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். ஒரு தையல் கடையின் மாடியில் ஹால். கண்ணாடி போட்ட ஒரு பெண் வாசலுக்கு வந்து, "வாங்கண்ணே, பொண்ணா?" என்று சிரித்தார். அவருடைய சேலையின் நிறத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

உள்ளே அப்பா பெட்ஷீட்டை விரித்து நீட்டிப் படுத்தார். ஆணும் பெண்ணுமாக இன்னும் சிலரும் அப்படியே படுத்தார்கள். அந்தப் பெண் அவர்களுக்கு நடுவே நடந்தபடி, காலைத் தளர விடச் சொன்னார், மூச்சை மெதுவாக விடச் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடியதும் பர்ஸை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா குறட்டை விட்டார். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் எழவில்லை. "எழுப்பாதம்மா" என்று அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்தார்.

திரும்பும்போது அப்பா, "தூக்கம் வராம இந்தக் கிளாசுக்குப் போறேன்னு அம்மாட்ட சொல்லிறாத. புருசனுக்குப் பைத்தியமோன்னு பயந்துருவா" என்றார். தலையாட்டினேன். வந்ததும் அடுப்படிக்குப் போய்ச் சேலை நிறம் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அம்மா ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"தூங்குனாரா? நெசமாவா?"

"ஆமா."

"எம்புட்டு நேரம்? கொறட்ட விட்டாரா?"

சாமி மேல் சத்தியம் செய்தும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். இவ்வளவு கவனமாகத் துப்பறிந்து வந்தும் என்னை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம். அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்ததே வில்லாபுரம்தான் என்று நினைத்து, ராத்திரிகளில் அவர் புரளும்போதெல்லாம் பக்கத்தில் தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தவள் அம்மா என்பது எனக்கு எப்படித் தெரியும்?