உறுமலை அடக்கிய வீடு

எங்கள் வீட்டில் இரண்டு பெண் நாய்கள் இருந்தன. மூத்தது செம்பட்டை. கல்யாணமான வருடம் என் கணவர் தான் வேலை செய்யும் அரிசிக் கிடங்கிலிருந்து தூக்கி வந்தார். இளையது கறுப்பு. எட்டு வருடம் கழித்து, படகுத்துறைப் பக்கம் மழையில் நனைந்து கிடந்ததை நான் எடுத்து வந்தேன். மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அந்த வீட்டுக்குள் அவை மூன்று வருடம் சண்டையில்லாமல் இருந்தன. மூத்தது சாப்பிட்டு முடிக்கும்வரை இளையது தள்ளி உட்கார்ந்திருக்கும். தூங்கும்போது அதன் முதுகில் தலை வைத்துக்கொள்ளும்.

நான்காவது வருடம் இளையது உறும ஆரம்பித்தது. மூத்தது அதன் தட்டருகே போனால் உறுமும். படுத்திருக்கையில் இடித்துக்கொண்டு போனாலும் உறுமும். வயதானதை மிரட்டுகிறது என்று எங்களுக்குக் கோபம். கணவர் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடிப்பார். நான் மூத்ததை அணைத்துக்கொண்டு இளையதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன். இரண்டு மாதத்தில் உறுமல் நின்றது. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மத்தி பொரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்கப் போன மூத்தது இளையதின் காலை மிதித்துவிட்டது. சத்தமே இல்லை. நான் திரும்பியபோது மூத்ததின் காது இளையதின் வாயில் இருந்தது.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். காதைத் தைத்துவிட்டு, மூத்ததின் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குக் கண் தெரியவில்லை என்றார். எங்களுக்கு அதுவரை தெரியாது. வீடு முழுக்க அதற்கு மனப்பாடமாக இருந்ததால் எதிலும் முட்டாமல் நடந்திருக்கிறது.

நாய் கோபப்பட்டால் முதலில் உடம்பை விறைக்கும், முகத்தைத் திருப்பும், உதட்டைத் தூக்கும், மற்ற நாய் அதைப் பார்த்து விலகிப் போகும் என்று டாக்டர் விளக்கினார். எங்கள் மூத்தது எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இளையது குரல் கொடுத்திருக்கிறது.

"உறுமுறது அதோட பேச்சாக்கும். அதை நீங்க அடக்கிட்டீங்க. இனி அதுக்குப் பல்லு மட்டும்தான் மிச்சம்" என்றார்.

பழையபடி உறும வைக்க முடியுமா என்று கேட்டேன். கஷ்டம், இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றார்.

அறைக்கு ஒன்றாகப் பிரித்தோம். மூத்தது மூடிய கதவருகே படுத்து முனகிக்கொண்டே இருந்தது. சில நாட்களில் இளையதும் அந்தப் பக்கம் வந்து படுத்தது. கதவிடுக்கில் இரண்டும் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, ராசியாகிவிட்டன என்று கணவர் கதவைத் திறந்தார். நானும் தடுக்கவில்லை. மூத்தது நேராகப் போய் இளையதின் மேல் சாய்ந்தது. இந்த முறை கடி கழுத்தில் விழுந்தது.

மூத்தது பிழைத்துக்கொண்டது. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடப் பார்த்தோம்; ஆனால் கடிக்கிற நாயை யாரும் ஏற்கவில்லை. குருட்டு நாய் என்றால் வைத்துக்கொள்கிறேன் என்று பள்ளுருத்தியில் இருக்கும் என் நாத்தனார் சொன்னார். கடித்தவளை வைத்துக்கொண்டு கடிபட்டவளை அனுப்பினோம். தெரியாத வீட்டில் அது சுவருக்குச் சுவர் முட்டியது. மீனைக்கூடத் தொடவில்லையாம். பதினெட்டாம் நாள் காலையில் நாத்தனார் போன் செய்தார்.

"அண்ணி, தண்ணியும் இறங்கல. அண்ணனக் கூட்டிட்டு வாங்க."

பஸ் பிடித்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பின்புறம் கணவரே குழி வெட்டினார்.

இளையது இப்போதும் எங்களோடு இருக்கிறது. நாங்கள் ஓர் அறைக்குள் போனால் அது எழுந்து மற்ற அறைக்குப் போய்விடும். போன வாரம் கணவர் கவனிக்காமல் அதன் வாலை மிதித்துவிட்டார். அது சத்தமே போடாமல் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரு வாட்டி உறுமுடி" என்றார்.

அது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.