குருவி மங்கல், கிணறு பளிச்

இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவன் புத்திசாலி. நான் தேன்சிட்டைப் படம் பிடிக்கப் போனேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் நெல்வயல். வரப்போரம் ஒரு முருங்கை, உடம்பெல்லாம் பூ. ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன். கம்பெனி கொடுத்த பளபளா பச்சை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அந்தக் கோலத்தில் வயலில் ஒருவன் நின்றால் ஊர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு உறைக்கவுமில்லை.

"இன்னா சார், அளவு எடுக்கிறியா?"

மண்வெட்டியோடு வயல்காரர்.

"குருவிண்ணே."

"குருவிக்கு எதுக்கு மூணு காலு? போன தபா எங்க அண்ணன் கயனிக்கு வந்தவனும் இதான் வச்சினு நின்னான். இப்ப அங்க குடோன் கீது. எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை ஊன்றினார். சும்மாதான் ஊன்றினார். எனக்குத்தான் குழிக்கு இடம் பார்ப்பதாகப் பட்டது.

"நான் கவர்மெண்ட் ஆளு இல்லண்ணே!"

"நான் கேக்கவே இல்லியே. நீயா ஏன் சொல்ற?"

நாற்று நட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி போனை எடுத்தாள். ஊரையே திரட்டுகிறாள் என்று முடிவு கட்டி, சேற்றில் ஷூவோடு ஓடுவதா, கழற்றிவிட்டு ஓடுவதா என்று கணக்குப் போட்டேன். அவளோ, "சோறு வடிச்சியா?" என்று யாரையோ விசாரித்தாள்.

"சரி, குருவி வரட்டும். எட்த்துக் காட்டு, அப்பால போ," என்றார் அவர்.

வந்தது. நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் அலகை விட்டது. படபடவென்று தட்டித் தள்ளி, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பதற்றத்தில் ஃபோகஸ் குருவியை விட்டுவிட்டுப் பின்னால் ஓடியிருந்தது. கிணறு, மோட்டார் கொட்டகை, எல்லைக்கல் எல்லாம் அச்சு அசலாக விழுந்திருந்தன. நடுவே ஓர் ஊதாக் கறை.

"குருவி மங்கலா கீது. என் கெணறு மட்டும் பளிச்சுன்னு கீதே நைனா! அழி."

அழித்தேன். அழித்த வேகத்தில், போன வாரம் பழவேற்காட்டில் எடுத்த பூநாரைகளையும் சேர்த்து அழித்தேன்.

"அது இன்னாது?"

"பழவேற்காட்டுப் பறவைண்ணே."

"அத்த ஏன் அழிச்ச?"

எனக்கே தெரியவில்லை. அவருடைய சந்தேகம் அந்த நொடியில்தான் உறுதியானது.

சுவரோரம் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தபோது, "நில்லு," என்று போனை நீட்டினார். ஒரே தட்டில் என்னைப் படம் பிடித்தார். விரலால் பெரிதாக்கிக் காட்டினார். என் மூஞ்சி, பச்சை ஜாக்கெட், நம்பர் பிளேட், எதுவும் மங்கவில்லை.

"ஊர் குரூப்புல போட்டுட்டேன். இப்ப போ."