துக்க வீட்டில் ஓய்வெடுத்த டிம்ப்னா

டிம்ப்னா கெராட்டியின் வாழ்க்கை வரலாற்றை ஒரே வரியில் எழுதிவிடலாம்: சமைத்தாள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரார் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து அதே உருளைக்கிழங்கைக் கணவன் மாலக்கிக்கு மசித்தாள். மாலக்கி கெட்டவன் அல்ல. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், அடுப்பையும் தொட மாட்டான். இந்த மூன்றாவது நற்குணத்தைப் பற்றி அவனிடம் ஒருவரும் குறை சொன்னதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று டிம்ப்னா ஒன்றே ஒன்று கேட்டாள். கடலைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். யாராவது ஒருவர் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மாலக்கி உருகிப்போய், மேற்குக் கடற்கரையில் கில்மோரா என்ற சிற்றூரில் ஒரு வாரத்துக்கு வீடு பிடித்தான். 'இளைப்பாற ஏற்ற இல்லம். சமையலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்' என்று விளம்பரம் பெருமையாகச் சொன்னது. ராமேஸ்வரம் போனாலும் சனீஸ்வரன் விடமாட்டான் என்பார்கள். டிம்ப்னாவின் சனீஸ்வரனுக்கு நான்கு எரிவாயு அடுப்புகள் இருந்தன. பக்கத்திலேயே புத்தம்புது வாணலியும் இருந்தது.

"பாத்தியா, எவ்வளவு பெரிய அடுப்பங்கரை! உனக்கு வசதியா இருக்கும்" என்றான் மாலக்கி, மனைவிக்கு மாளிகை கட்டிக் கொடுத்தவனைப் போல.

"எனக்கா?"

"பின்ன எனக்கா? நான் தொட்டா முட்டைகூட கருகிடும்னு உனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை பன்றிக்கறியும் முட்டையும் பொரித்தவள் டிம்ப்னாதான். பாத்திரம் கழுவியவளும் அவளே. சன்னலோர நாற்காலி காலியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போது மாலக்கி வானொலியைப் போட்டான். நம் நாட்டில் காலைச் செய்திக்குப் பிறகு உள்ளூர் வானொலி இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும். பிரதமர் பேசும்போது இருமுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் இரும மாட்டார்கள். மாலக்கி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கார்னீலியஸ் டூஹிக், துறைமுகத் தெரு, கில்மோரா. டிம்ப்னா, இது துறைமுகத் தெருதானே? அடடா, பக்கத்து வீட்டு வாசல்ல இந்தப் பேருதான் இருக்கு!"

"அதனால?"

"ஒரு எட்டு போய் தலைய காட்டிட்டு வரணும்."

"அந்த மனுஷன் யாருன்னே உனக்குத் தெரியாதே!"

"செத்தவருக்கு மட்டும் என்னைத் தெரியுமா என்ன? ஒரு வாரத்துக்கு நாம அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க. போகலைன்னா ஊரு என்ன பேசும்?"

நம்மூரில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. கல்யாணத்துக்குப் போகாதவனை மன்னிப்பார்கள். சாவுக்குப் போகாதவனுக்கு மன்னிப்பே இல்லை. மாலக்கி கறுப்புக் கழுத்துப்பட்டையை எடுத்தான். விடுமுறைக்குக் குளியல் உடையை மறந்தவன் இதை மறக்கவில்லை. டிம்ப்னா ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டு நாற்காலியை நோக்கி நடந்தாள். உட்கார்ந்தாள். கடல் நன்றாகத்தான் இருந்தது.

அவள் முதுகு சாய்வதற்குள் மாலக்கி திரும்பி வந்துவிட்டான். இரண்டு கைகளிலும் பைகள். ரொட்டி, வெண்ணெய், ஒரு முழுப் பன்றித் தொடை.

"பாவம் டிம்ப்னா, அங்க கூட்டம் தாங்கல. அடுப்பங்கரையில நிக்கக்கூட இடமில்ல. நான் சொல்லிட்டேன், 'கவலைப்படாதீங்க, எங்க வீட்டுக்காரி ஆயிரம் புள்ளைங்களுக்குச் சமைச்சவ, சாண்ட்விச் எல்லாம் அவ பாத்துப்பா'ன்னு. எல்லாரும் உன்னை எவ்வளவு வாழ்த்தினாங்க தெரியுமா!"

டிம்ப்னா எழுந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாலக்கி பன்றித் தொடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நீ சொன்னே இல்ல? நீயே பண்ணு."

"நானா? எனக்குத் தெரியாதே!"

"ரொட்டி இருக்கு. கத்தி இருக்கு. கை இருக்கு. இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து பாத்துட்டுதானே இருந்தே?"

"நீ எங்க போற?"

"பக்கத்து வீட்டுக்காரர் செத்திருக்கார். தலைய காட்டலைன்னா ஊரு என்ன பேசும்?"

கறுப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில், கதவில் மாட்டியிருந்த 'இளைப்பாற ஏற்ற இல்லம்' பலகை ஓர் ஆணியிலிருந்து கழன்று தொங்கியது.

டூஹிக் வீட்டில் சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளுக்குத் துணி போட்டிருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். முன்னறையில் கார்னீலியஸ், யாருடைய தொந்தரவும் இல்லாமல், நல்ல சட்டை போட்டுப் படுத்திருந்தார். டிம்ப்னாவுக்கு அவர்மேல் முதலில் வந்த உணர்ச்சி பொறாமை.

விதவை பிலோமினாவின் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்றாள்.

"உக்காரு கண்ணு" என்று பிலோமினா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஒரு பெண் வந்து குனிந்தாள். "தேநீர் குடிக்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நம்மூரில் முறை இருக்கிறது. முதல் தடவை "வேணாம், வேணாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவைதான் மனமில்லாதவரைப் போல் வாங்கிக்கொள்ள வேண்டும். வளர்ப்பு சரியில்லாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"குடிக்கிறேன்" என்றாள் டிம்ப்னா. "கேக்கும் வேணும்."

அறையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் அதிர்ச்சியில் ஒரு மணியைத் தவறவிட்டார்கள். தேநீர் வந்தது. கையில் கொடுத்தார்கள். திராட்சைக் கேக் வந்தது. மடியில் வைத்தார்கள். அவள் எழ முயன்றபோது நாலு பேர் சேர்ந்து அழுத்தி உட்கார வைத்தார்கள்.

பிலோமினா அவள் காதருகே சாய்ந்தாள். "நாப்பது வருஷமா 'உக்காரு, உக்காரு'ன்னு சொல்வார். சொல்லிட்டு, 'தேநீர் எங்கே'ன்னு கேப்பார். இன்னைக்குத்தான் கேக்கல."

"கேட்டாலும் குடுக்காதீங்க."

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவம், உடைந்துபோய்விட்டாள் என்று எல்லாரும் ஜெபத்தை உரக்கச் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. மாலக்கி. நெற்றியில் வெண்ணெய். கையில் ஒரு தட்டு. அதில் செங்கல் கனத்தில் சில சாண்ட்விச்சுகள், ஓரம் வெட்டாதவை, சில பன்றிக்கறியே இல்லாதவை. நேராக மனைவியிடம் வந்து கிசுகிசுத்தான்.

"டிம்ப்னா, வெண்ணெய் தீந்துபோச்சு. வாயேன்."

டிம்ப்னா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அறை முழுவதும் அவனைப் பார்த்தது. அவள் காலிக் கோப்பையை நீட்டினாள்.

"சக்கரை ரெண்டு கரண்டி."

துக்க வீட்டில், உயிரோடிருக்கும் அத்தனை பேர் எதிரில், மாலக்கி மறுப்பதற்கு வழியில்லை. போனான். கெண்டி எங்கே என்று இருவரிடம் விசாரித்தான். கொண்டுவந்து கொடுத்தான். தட்டில் பாதி கொட்டியிருந்தது.

"போதுமா?"

"போதாது."

கோபம் தணிந்ததா என்றால், இல்லை. மறுநாள் அடக்கம் முடிந்து, துக்க வீட்டார் ஓட்டலில் கொடுத்த விருந்தில் ஆட்டுக்கறியைச் சாப்பிட்டபடியே அவள் அந்தக் கோபத்தைக் கவனமாக உள்ளே பாதுகாத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை மாலக்கி பயந்துகொண்டே வானொலியை அணைக்கப் போனான். டிம்ப்னா அவன் கையைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

"இரு, இரு. பக்கத்துல வேற யாராவது போய்ச் சேர்ந்திருக்காங்களான்னு பாப்போம்."