ரிபேட் போடாத பட்டுக்கடை

ஆஷாட மாதத்து மைசூருக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த கோணிப்பை, மார்க்கெட்டில் மிதிபட்ட மல்லிகை, கடை வாசலில் குவித்துப்போட்ட புதுத்துணியின் கஞ்சி எல்லாம் கலந்து மூக்கில் ஏறும். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, ஆகையால் வியாபாரமும் கிடையாது. ஈ ஓட்டப் பிடிக்காத ஜவுளிக்காரர்கள் தெருவில் நின்று "ரிபேட், ரிபேட்" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். தேவராஜ மொஹல்லாவின் ஒரு சந்தில் குடியிருந்த எங்களுக்கு வருஷத்துக்கான துணியெல்லாம் அந்த மாதத்தில்தான் எடுப்பார்கள்.

கத்தாத கடை ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டுக்கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் உட்கார வேண்டும். விலை கேட்பது அநாகரிகம், பேரம் பேசுவது பாவம், ரிபேட் என்ற சொல் காதில் விழுந்தாலே கிழட்டு முதலாளி ஏதோ துர்நாற்றம் அடித்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் பெரியம்மா, அதாவது அம்மாவின் ஒரே அக்கா, அந்தக் கடைக்குப் பரம பக்தை. பெரியப்பாவுக்குப் பெரிய உத்தியோகம், தனி வீடு, கார். "தள்ளுபடின்னு போர்டு மாட்டினா கண்டவாளும் உள்ள வருவாடி. அப்பறம் நமக்கு என்ன மரியாதை?" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, அந்தக் கண்டவாளில் ஒருத்தி கலந்து கொடுத்த காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்.

அம்மாவுக்கு இது உறைக்கவே உறைக்காது. அக்கா சொன்னால் வேதம். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே துணியில்தான் பாவாடை தைப்பார்களாம். "கோவில்ல எல்லாரும் இரட்டையான்னு கேப்பா" என்று அம்மா சொல்லும்போது முகமே வேறாகிவிடும்.

பெரியம்மா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் கடைக் கிழவர் போய்ச் சேர்ந்தார். மகன் கடைக்கு வந்த கையோடு வாசலில் ரிபேட் போர்டு மாட்டினான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "பன்னி அம்மா, பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி அழைத்து, அவளையும் அந்த வெள்ளை மெத்தையில் உட்காரவைத்தார்கள். விரித்த புடவைகளில் ஒன்று, அரக்கில் பச்சைக் கரை போட்டது, பெரியம்மா தன் பெண் கல்யாணத்துக்கென்று அதே கடையில் முழு விலைக்கு வாங்கி எங்களிடம் காட்டிப் பெருமை அடித்த அதே புடவை. அம்மா வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது பொட்டலம் நனையாமல் முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு, "அக்கா பாத்தா சந்தோஷத்துல மூச்சே நின்னுடும், பாரேன்" என்றாள். கல்யாண ஊஞ்சலின்போது அக்காவோடு ஜோடியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"உங்கக்காட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடு" என்றார் அப்பா. அவருக்கு மனிதர்களைத் தெரியும். அம்மா கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். ஊஞ்சல் பாட்டு தொடங்கும் நேரத்தில் அம்மா அந்தப் புடவையில் வந்து, அதன் ஜோடியைக் கட்டியிருந்த பெரியம்மா பக்கத்தில் நின்றாள்; வாயெல்லாம் பல்.

"இது ஏதுடி உனக்கு?"

"உன் கடைதான் அக்கா! ரிபேட்ல போட்டான்!"

சம்பந்தி வீட்டுப் பெண்கள் காதில் விழும்படி இதைச் சொன்னாள், என் அசட்டு அம்மா. பெரியம்மா விருட்டென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது உடம்பில் வேறு புடவை. அரக்குப் புடவையைக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரங்கம்மாவின் மடியில் போட்டு, "வெச்சுக்கோ" என்றாராம். நான் கொல்லைப்பக்கம் போனபோது அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "ஹரிது ஹோகிதெயா அம்மா?" என்று என்னிடம் கேட்டாள். கிழிந்துபோய்விட்டதா என்று.

ஒரு இழை கிழியவில்லை. பட்டும் நல்ல பட்டு, ஜரிகையும் அசல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மா பணம் கொடுத்தது பட்டுக்கா? என் அம்மா மாதிரி ஒருத்தியிடம் அது இல்லாமல் இருப்பதற்கல்லவா கொடுத்தார்! அந்தச் சரக்கைத்தான் கிழவர் ஆயுசு முழுவதும் விற்றார். தள்ளுபடி போட்டால் அது கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியும். தூ, இதுவும் ஒரு சுகமா? நாலு பேர் வாசலில் நிற்பதைப் பார்த்தால்தான் உள்ளே இருக்கிறவளுக்குப் புடவை உடம்பில் ஒட்டுமென்றால், அவள் கட்டிக்கொண்டிருப்பது அடுத்தவள் வயிற்றெரிச்சலைத்தான். "அல்பனுக்குப் பவிஷு வந்தா அர்த்தராத்திரில குடை பிடிப்பான்" என்று அப்பா அன்று சாப்பாட்டுப் பந்தியிலேயே சொன்னார். அம்மா அவரை முறைத்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள் போய்ச் சண்டை போட்டார்களோ என்னவோ, மறு வருஷம் அந்தப் போர்டும் இல்லை.

பெரியம்மா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாதான் வெட்கம் கெட்டுப்போய் தீபாவளிக்குத் தீபாவளி பட்சணத்தோடு போவாள், கூடத்தில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்புவாள். போன வருஷம் பெரியம்மாவும் போய்விட்டார்.

இப்போது தெருவில் யாரும் கத்துவதில்லை. ரிபேட் எல்லாம் செல்போனில் வருகிறது. அந்தக் கடையில் வெள்ளை மெத்தை போய்க் கண்ணாடியும் ஏசியும் வாசலில் ஒரு காவலாளியும் வந்தாயிற்று. இந்த ஆஷாடத்தில் வேண்டுமென்றே உள்ளே போய்த் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். கோட்டுப் போட்ட பிள்ளை, "நாங்க யாருக்கும் டிஸ்கவுண்ட் குடுக்கறதில்ல மேடம். பழைய கஸ்டமர்ஸ் மனசு நோகும்" என்றான். மனசாம்! எனக்கு வந்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவின் சதாபிஷேகம் வருகிறதே, அந்தக் கடையிலேயே முழு விலை கொடுத்து உனக்கொரு புடவை எடுக்கிறேன், யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று அம்மாவிடம் வீறாப்பாகச் சொன்னேன்.

"ஒண்ணு வாங்கி நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். "ரெண்டா வாங்கினாலும், இன்னொண்ணக் கட்டிக்க அக்கா இல்லையேடி."